ஆரி ஊசி விற்கும் கடையைப் பெருந்தொற்றுக் காலத்தில் திறந்து வைக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். உங்கள் அப்பா சென்னை பாரிமுனைப் பக்கம் துணியில் தைக்கும் மணி, ஜரிகை, பட்டுநூல், பிளவுஸில் எம்பிராய்டரி போடும் ஆரி ஊசி, சுருட்டி அலங்காரம் செய்யும் குவில்லிங் பேப்பர் விற்கும் சின்னக் கடை வைத்திருக்கிறார். 2020-லும் 2021-லும் அதை வாரக்கணக்கில் மூடி வைக்க வேண்டியிருந்தது. பக்கத்து மளிகைக்கடையும் எதிரே இருந்த மருந்துக்கடையும் திறந்திருந்தன. அடுத்த முறை இப்படி ஒரு தொற்று வந்தால், ஹாபி கடைகளைத் திறந்து வைப்பது சரியா தப்பா என்று மருத்துவம் தெரிந்தவர்களிடம் கேட்டிருக்கிறீர்கள். "உயிர் போகிற நேரத்தில் மணியும் ஜரிகையும் யாருக்கு வேணும்" என்று உங்கள் அண்ணன் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. அந்தக் கடையால் நோய் பரவுமா என்பது ஒன்று. கொஞ்சம் பரவினாலும் அந்தப் பொருளுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு என் படிப்பிலிருந்து பதில் சொல்ல முடியும். இரண்டாவது ஊரே சேர்ந்து முடிவு செய்ய வேண்டியது. அதில் என் கருத்துக்கு உங்கள் அண்ணன் கருத்தைவிட அதிக எடை கிடையாது.

நான் சமூக மருத்துவம் படித்தவன். 2020 கோடையில் சென்னையில் காய்ச்சல் முகாம்களில் இருந்தேன். தொற்று உறுதியானவர்களிடம் பேசி, யார் யாரோடு பழகினார்கள், எங்கெங்கே போனார்கள் என்று கேட்டு எழுதும் வேலையும் செய்தேன். வியாபாரமும் சட்டமும் என் துறை இல்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது நோய் வந்து, அது எப்படிப் பரவுகிறது என்றே தெரியாத முதல் சில வாரங்களில் மூடத்தான் வேண்டும். அதற்கு அப்புறம், என்ன விற்கிறார்கள் என்பதை வைத்து ஒரு கடையை மூடுவது சரியான முறை இல்லை. எப்படி விற்கிறார்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் அப்பாவின் கடையை வாசலோடு நிறுத்தி விற்கும் கடையாகத் திறந்திருக்கலாம். உள்ளே ஆளை விட்டு, நின்று நிதானமாகப் பொறுக்கவிடும் கடையாகத் திறந்திருக்கக் கூடாது. இந்த முடிவுக்கு நான் எப்படி வருகிறேன் என்பதைத்தான் இனி எழுதுகிறேன்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்கலாம். கோவிட் பெரும்பாலும் காற்று வழியாகப் பரவுகிறது. தொற்றுள்ளவர் மூச்சு விடும்போதும் பேசும்போதும் வெளியே வரும் நுண்துளிகள், மூடிய அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். ஊதுபத்திப் புகையை நினைத்துக்கொள்ளுங்கள். வாசல் திண்ணையில் ஏற்றினால் அந்த நிமிடமே கலைந்துவிடும். கதவைச் சாத்திய பூஜை அறையில் ஏற்றினால் அணைந்த பிறகும் அறை முழுக்க நிற்கும். கடைக்குள் எவ்வளவு காற்று வந்து போகிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எவ்வளவு சத்தமாகப் பேசுகிறார்கள், முகக்கவசம் போட்டிருக்கிறார்களா என்ற ஐந்தும்தான் ஆபத்தின் அளவை முடிவு செய்கின்றன. அந்தக் கடையில் விற்பது அரிசியா ஆரி ஊசியா என்பது வைரஸுக்குத் தெரியாது.

இதில் ஏசி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னைக் கடைக்காரர்கள் பலர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். நம் கடைகளில் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் அதே காற்றை இழுத்துக் குளிரவைத்து மறுபடியும் அறைக்குள்ளேயே விடுகிறது. குளிர் போகக் கூடாது என்று கண்ணாடிக் கதவையும் சாத்தி வைப்பார்கள். அப்படிப்பட்ட கடையில் இருமும் ஒருவர் அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போனால், அவர் போன பிறகு வருபவரும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார். ஷட்டரை முழுக்கத் தூக்கி, பின்பக்க ஜன்னலையும் திறந்து, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும் பழைய பாணிக் கடை இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

உங்கள் அப்பா கடை மாதிரியான கடைகளின் உண்மையான பலவீனம் நேரம்தான், அதை மறைக்காமல் ஒத்துக்கொள்ள வேண்டும். மருந்துக்கடையில் சீட்டை நீட்டுகிறோம், மாத்திரை வருகிறது, பணம் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறோம். மணிக்கடையில் அப்படி நடக்காது. பிளவுஸ் துணியைப் பையிலிருந்து எடுத்து, அதற்கு மேட்சான நூலைத் தேடி, நாலு நூல்கண்டைத் துணிமேல் வைத்துப் பார்த்து, டியூப்லைட்டில் நிறம் சரியாகத் தெரியவில்லை என்று வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்து, மறுபடி உள்ளே வந்து, ஜர்தோசி என்ற ஜரிகை எம்பிராய்டரிக்கு எது நன்றாக இருக்கும் என்று கடைக்காரரிடம் கேட்டு, அவரும் முன்னால் குனிந்து பதில் சொல்லி... இருபது நிமிடம், அரை மணி சர்வசாதாரணம். வருபவர்கள் தோழியையோ அம்மாவையோ துணைக்கு அழைத்து வருவார்கள். பொருளைத் தேர்ந்தெடுக்கும் சந்தோஷம் இந்தக் கடைகளில் பாதி வியாபாரம். அந்தப் பாதிதான் தொற்றுக் காலத்தில் ஆபத்து. மளிகைக்கடை திறந்திருக்கும்போது எங்கள் கடையை மட்டும் ஏன் மூட வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு மருத்துவக் காரணம் ஏதாவது உண்டென்றால், அது இது ஒன்றுதான்.

இன்னொரு பயம் அப்போது பெரிதாக இருந்தது, இப்போது அதைத் தாராளமாக ஒதுக்கிவிடலாம். வாடிக்கையாளர் பத்து பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றை வாங்குவாரே, மற்ற ஒன்பதும் நோயைப் பரப்பாதா என்று கேட்டார்கள். காய்கறியைச் சோப்புத் தண்ணீரில் கழுவினோம், பால் பாக்கெட்டைத் துடைத்தோம், கூரியர் பெட்டியை மூன்று நாள் வெளியே வைத்தோம். 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, தொற்றுப்பட்ட ஒரு பரப்பைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாக 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு என்றது. கை கழுவுவது நல்ல பழக்கம், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் பொருளைத் தொட்டுப் பார்க்கும் வியாபாரம் என்பதால் மட்டும் ஒரு கடையை மூட வேண்டியதில்லை. இது கோவிடுக்கான கணக்கு. அடுத்து வரும் கிருமி தொடுவதால் பரவும் வகையாக இருந்தால் இந்தப் பத்தியைத் திருப்பி எழுத வேண்டியிருக்கும்.

அடுத்தது, இந்த நோய் எல்லோரிடமிருந்தும் ஒரே மாதிரி பரவுவதில்லை. இதற்கான மிக முக்கியமான ஆதாரங்களில் ஒன்று நம் மாநிலத்திலிருந்தே வந்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் தொற்று உறுதியான 84,965 பேரையும் அவர்களோடு பழகிய 5,75,071 பேரையும் பின்தொடர்ந்து, ரமணன் லக்ஷ்மிநாராயணன் தலைமையிலான குழு 2020 செப்டம்பர் இறுதியில் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. தொற்றுள்ளவர்களில் சுமார் 70 சதவீதம் பேரின் தொடர்புகளில் ஒருவருக்குக்கூடத் தொற்று காணப்படவில்லை. வெறும் 8 சதவீதம் பேரிடமிருந்துதான் 60 சதவீதப் புதுத் தொற்றுகள் வந்திருந்தன. பேருந்து மாதிரி வண்டியில் நெருங்கி உட்கார்ந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்தவர்களுக்கு ஆபத்து மிக அதிகமாக இருந்தது. ஆக, நெரிசலும் நீண்ட நேரமும் சேரும் சில இடங்களை அடைத்தாலே பெரும்பகுதி வேலை முடிகிறது. எல்லாக் கதவையும் ஒரே பலத்தோடு சாத்த வேண்டிய அவசியம் குறைகிறது.

இந்த ஆய்வை நான் மதிக்கிறேன், அதே சமயம் கடைகளைப் பொறுத்தவரை அதற்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. அந்த வேலையைக் கையால் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். "யார் யாரோட பக்கத்துல இருந்தீங்க?" என்று கேட்டால், வீட்டில் இருப்பவர்கள், ஆபீஸ் நண்பர், கூட வந்த மச்சான் என்று சொல்வார்கள். கடையில் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆள் அந்தப் பட்டியலில் வரவே மாட்டார். "கடைக்குப் போனீங்களா?" என்று தனியாகக் கேட்டால், "சும்மா பால் வாங்க" என்று பதில் வரும். வெளியே சுற்றினோம் என்று தெரிந்தால் திட்டு விழும், வீட்டு வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. அதனால் கடைகளில் நடந்த பரவல் நம் கணக்குகளில் குறைவாகவே பதிவாகியிருக்கும். தொடர்பு கண்டறிதல் கணக்கில் கடைகள் அதிகம் வரவில்லையே என்று காட்டி, கடையால் பரவவே இல்லை என்று யாராவது வாதாடினால் அதை ஏற்காதீர்கள்.

அந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கும் இன்னொரு ஆய்வு அமெரிக்காவிலிருந்து வந்தது. செல்போன் இருப்பிடத் தகவலை வைத்து பத்துப் பெருநகரப் பகுதிகளில் 9.8 கோடிப் பேரின் நடமாட்டத்தைக் கணினி மாதிரியாக்கி, 2020 நவம்பரில் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். உட்கார்ந்து சாப்பிடும் உணவகம், ஜிம், தங்கும் விடுதி, காபிக்கடை, வழிபாட்டுத் தலம் ஆகியவைதான் மேலே நின்றன. அதைவிட நமக்குப் பயன்படுவது இன்னொரு கண்டுபிடிப்பு. சிகாகோ பகுதியில் ஒவ்வோர் இடத்திலும் ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய ஆட்களை அதன் உச்ச அளவில் 20 சதவீதமாகக் கட்டுப்படுத்தினால், புதுத் தொற்று 80 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. வருகைகளில் இழப்பதோ 42 சதவீதம்தான். இது மாதிரிக் கணக்கு, நேரில் எண்ணியது இல்லை. அமெரிக்கக் கடையில் மூலைக்கு ஒருவர் நிற்பதும், நம் ஊரில் கவுண்ட்டர் முன்னால் தோளோடு தோள் நிற்பதும் ஒன்றில்லை. அதனால் அந்த எண்களை அப்படியே சென்னைக்குத் தூக்கி வரக் கூடாது. ஆனால் முழுக்க மூடுவதற்கும் முழுக்கத் திறப்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது, அந்த நடு இடத்தில் நோய்த் தடுப்புப் பலனின் பெரும்பகுதி கிடைக்கிறது என்ற திசையை நான் நம்புகிறேன்.

பொருளைப் பார்த்து முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்குக் சென்னையின் மொத்தக் காய்கறிச் சந்தையான கோயம்பேட்டை விடப் பெரிய உதாரணம் தேவையில்லை. காய்கறியை விட அவசியமான சரக்கு எது? அதனால் சந்தை முதல் நாளிலிருந்தே திறந்திருந்தது. லாரி லாரியாகச் சரக்கு இறங்க, சுமை தூக்குபவர்களும் சில்லறை வியாபாரிகளும் வீட்டுக்கு வாங்க வந்தவர்களும் இரவெல்லாம் நெருக்கியடித்தார்கள். 2020 மே 5-ம் தேதி சந்தையை மூடுவதற்குள் தொற்று கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கு அப்புறம் காய்கறி விற்பனை திருமழிசைத் திறந்தவெளிக்கு மாறியது. தக்காளி அதேதான், வெங்காயம் அதேதான். விற்ற இடமும் விதமும் மாறின. அதை ஏப்ரல் தொடக்கத்திலேயே செய்திருக்கலாம் என்ற வருத்தம் அன்று களத்தில் இருந்த பலருக்கும் உண்டு.

அரசுக்கும் இது தெரியவே தெரியாது என்று சொல்ல மாட்டேன். 2020 மார்ச் 24-ம் தேதி மத்திய உள்துறை வெளியிட்ட முதல் ஆணையில் ரேஷன், மளிகை, காய்கறி, பால், இறைச்சி, மீன், கால்நடைத் தீவனம் என்று பொருள்வாரியான பட்டியல்தான் இருந்தது. நோயைப் பற்றி எதுவுமே தெரியாத அந்த வாரத்தில் அதைவிட நல்ல வழி இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஏப்ரல் 21-ம் தேதி மாணவர்களுக்கான பாடப்புத்தகக் கடைகளையும் மின்விசிறிக் கடைகளையும் அதில் சேர்த்தார்கள். வெயில் ஏற ஏற, பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடக்க, எது அவசியம் என்பது வாரத்துக்கு வாரம் மாறுகிறது என்பதை அரசே ஒப்புக்கொண்ட மாதிரிதான் அது. மே 11-ம் தேதி தமிழ்நாடு அரசு 34 வகைத் தனிக்கடைகளைத் திறக்க அனுமதித்தபோது, அதில் நர்சரி கார்டன் இருந்தது; பெயிண்ட் கடை இருந்தது; குளிர்சாதன வசதி இல்லாத சின்ன நகைக்கடைகூட இருந்தது. அந்த "குளிர்சாதன வசதி இல்லாத" என்ற நிபந்தனையைப் பாருங்கள். நகை சோறு போடாது. ஆனாலும் சின்னதாக, ஏசி இல்லாமல், தனியாக இருந்தால் திறக்கலாம் என்றார்கள். நான் சொல்லும் அளவுகோல் அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. அதை எல்லா வகைக் கடைகளுக்கும் நீட்டியிருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

மூடுவதாலேயே வரும் ஆபத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னையில் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும், 25-ம் தேதி காலை கடைத்தெருக்களில் என்ன கூட்டம் என்று எல்லோரும் பார்த்தோம். 2021 மே 24-லிருந்து தளர்வில்லாத ஊரடங்கு என்றபோது அதற்கு முந்தைய இரண்டு நாளும் அதே கதை. பல நாளில் பரவலாக நடந்திருக்க வேண்டிய வியாபாரம் ஒரே நாளில் திணிக்கப்பட்டது. நேரத்தைக் குறைப்பதும் இதே விளைவைத்தான் தருகிறது: மதியம் வரைதான் கடை என்றால், நாள் முழுக்க வர வேண்டியவர்கள் காலையிலேயே வந்து நிற்பார்கள். மாறாக 2021 ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 9 வரை ரங்கநாதன் தெரு மாதிரி நெரிசல் மிகுந்த சில இடங்களை மட்டும் சென்னையில் மூடினார்களே, அந்த வகை நடவடிக்கை எனக்குச் சரியாகப் பட்டது. நெரிசல் எங்கே இருக்கிறதோ அங்கே கை வைப்பது அது.

இப்போது உங்கள் அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். மணியும் ஜரிகையும் யாருக்கு வேணும்? பெருநகரத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் கடை வாசலில் நின்று பார்த்தால்தான் தெரியும். உங்கள் அப்பாவிடம் வாங்குபவர்களில் எத்தனை பேர் பொழுதுபோக்குக்கு வாங்குகிறார்கள், எத்தனை பேர் வீட்டிலிருந்தே ஆரி வேலை செய்து பிளவுஸுக்கு இவ்வளவு என்று சம்பாதிக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் கண்ணகி நகரிலும் பட்டுநூல் வளையல் சுற்றியும், டெரகோட்டா கம்மல் செய்தும் வீட்டு வாடகை கட்டும் பெண்களை எனக்குத் தெரியும். கணவனின் ஆட்டோ ஓடாத மாதங்களில் அந்தக் கை வேலை ஒன்றுதான் வருமானமாக இருந்திருக்கும், சரக்கு கிடைத்திருந்தால். தையல் சாமான் கடையையும் அவசியமில்லாத கடை என்ற கணக்கில்தான் வைத்திருந்தோம். முகக்கவசம் போடுங்கள் என்று ஒரு பக்கம் சொன்னோம்; மகளிர் குழுக்கள் தைக்க உட்கார்ந்தபோது எலாஸ்டிக் கிடைக்கவில்லை. ஆரம்பத்தில் வந்த துணிக்கவசங்கள் பலவற்றில் காதுக்கு எலாஸ்டிக் இல்லாமல், பின்னந்தலையில் முடிச்சுப் போடும் நாடா இருந்ததைப் பார்த்திருப்பீர்கள்.

கொளத்தூர் வண்ணமீன் கடைகளின் நிலை இன்னும் மோசம். பூட்டிவிட்டுப் போனால் சரக்கு செத்துவிடும். ஏர் பம்ப் ஓட வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும், தீனி போட வேண்டும். கால்நடைத் தீவனத்துக்கு அனுமதி உண்டு என்பது ஆணையில் இருந்தது. கண்ணாடித் தொட்டியில் இருக்கும் கப்பி மீனுக்கு அது பொருந்துமா என்று வழியில் நிறுத்தும் காவலரிடம் யார் வாதாடுவது?

தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளையும் இங்கே சொல்ல வேண்டும். 14 நாள் வெளியே வரக் கூடாது என்று கதவில் ஸ்டிக்கர் ஒட்டிய வீடுகளுக்குத் தன்னார்வலர்கள் பாலும் மாத்திரையும் வாங்கிக் கொடுத்தார்கள். ஓட்டேரிப் பக்கம் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்த ஒரு வீட்டில், எட்டு வயதுப் பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, கலர் பென்சிலும் டிராயிங் நோட்டும் கிடைக்குமா?" என்று கேட்டான். கூட இருந்த தன்னார்வலர் மூன்று தெரு சுற்றி, ஒரு மளிகைக்கடையின் பின் அலமாரியில் கிரேயான் பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்து வாங்கி வந்தார். அந்தப் பையன் உள்ளேயே இருந்ததால் தெருவுக்கு நன்மை. உள்ளே இருக்க அவனுக்கு ஏதாவது கொடுக்க வேண்டியது நம் கடமை இல்லையா? மக்கள் வீட்டில் தங்க வேண்டும் என்று விரும்பும் அரசு, வீட்டில் தங்குவதைத் தாங்கக்கூடியதாக ஆக்கும் பொருள்களைக் கொஞ்சம் மரியாதையோடு பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். கைவேலை மனதுக்கு எவ்வளவு ஆறுதல் தருகிறது என்பதற்கு மருத்துவ எண் ஒன்றை உங்களிடம் நீட்ட நான் தயாராக இல்லை. இந்த விஷயத்தில் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, மக்கள் தாங்களே சொன்னதை நம்பி எழுதியவை. எனவே இதை நிரூபணமாகச் சொல்லாமல், பார்த்ததாக மட்டும் சொல்கிறேன்.

நிச்சயமில்லாதது வேறென்ன? ஹாபி கடைகளை மூடியதால் மட்டும் சென்னையில் எத்தனை தொற்று குறைந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பேருந்து, பள்ளி, அலுவலகம், கோயில், கல்யாண மண்டபம் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. ஒரே நாளில் பத்து மருந்து கொடுத்தால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? அப்புறம், கடையின் ஆபத்து கடைக்குள் மட்டும் இல்லை. பூந்தமல்லியிலிருந்து ஒரு ஊழியர் பாரிமுனைக்கு வர வேண்டும், வாடிக்கையாளர் தாம்பரத்திலிருந்து ரயில் ஏற வேண்டும். மொத்த விலைக் கடைத்தெருவில் இருக்கும் கடைக்கும், அண்ணா நகரிலோ நங்கநல்லூரிலோ நடந்து போய் வாங்கும் தெருமுனைக் கடைக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் உண்டு. உங்கள் அப்பாவின் கடை கோவிந்தப்ப நாயக்கன் தெரு மாதிரி ஒரு சந்தில் இருந்தால், கடை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் தெரு நெரிசல் அவர் கையில் இல்லை. அங்கே தெரு முழுவதற்கும் சேர்த்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்: ஒற்றைப்படை எண் கடைகள் ஒரு நாள், இரட்டைப்படை மறுநாள் என்பது மாதிரி. அதற்கு வியாபாரிகள் சங்கம் முன்வர வேண்டும்.

நியாயம் என்ற பக்கத்தையும் ஓரிரு வரியில் தொடுகிறேன். மளிகையோடு பென்சிலும் கேரம் போர்டும் விற்கும் பெரிய கடை திறந்திருக்க, அதே பென்சிலை மட்டும் விற்கும் சின்னக் கடை மூடியிருந்தால், நோய் குறையாது. கூட்டம் ஒரே கூரையின் கீழ் சேரும். இதைச் சமாளிக்க வேல்ஸ் நாட்டில் 2020 அக்டோபரில் சூப்பர் மார்க்கெட்டுகளின் அவசியமில்லாத அலமாரிகளையே மூடச் சொன்னார்கள், மக்கள் கொதித்தார்கள். பிரான்சில் புத்தகக்கடைகளை மூடி, பெரிய கடைகளின் புத்தகப் பகுதியையும் மறைத்தார்கள். கடைசியில் 2021 பிப்ரவரியில் புத்தகக்கடையை அத்தியாவசியப் பட்டியலிலேயே சேர்த்தார்கள். பிரிட்டனில் சைக்கிள் கடை முதலிலிருந்தே திறந்திருந்தது. அமெரிக்காவில் சில கைவினைப்பொருள் சங்கிலிக் கடைகள் கவசத் துணி விற்கிறோம் என்ற காரணத்தோடு பெரிய மூடிய அரங்குகளைத் திறந்து வைக்கப் பார்த்தன. அது எனக்கு ஏற்பில்லை, ஏனென்றால் துணியை வாசலில் வைத்தே கொடுத்திருக்கலாம். நம் நாட்டில் இணைய விற்பனையில் அவசியமில்லாத பொருள்களுக்கு முதலில் அனுமதி என்று சொல்லி, 2020 ஏப்ரல் 19-ம் தேதி அதைத் திரும்பப் பெற்றார்கள். அதில் சின்னக் கடைக்காரர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் டெலிவரி வந்தால் ஆபத்து மறைந்துவிடுகிறது என்று நினைக்காதீர்கள். அது வீடு வீடாக ஏறி இறங்கும் பையனின் தலைக்கு மாறுகிறது. அவருக்கும் நல்ல முகக்கவசம், காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவு என்று கேட்பதும் இந்தக் கேள்வியின் ஒரு பகுதிதான். கட்டாயம் மூடியே ஆக வேண்டும் என்றால், அந்த வாடகையையும் கடை ஆட்களின் கூலியையும் ஊர் பகிர்ந்துகொள்ள வேண்டும். 2021-ல் ரேஷன் அட்டைக்கு 4,000 ரூபாய் கொடுத்தது வீட்டுக்கு உதவியது. மூடிய கடைக்கு என்று தனியாக ஏதாவது வேண்டும்.

சரி, அடுத்த முறைக்கு அப்பா என்ன செய்து வைக்கலாம்? இன்றைக்கே செய்யக்கூடியது ஷேட் கார்டு. கடையில் இருக்கும் ஒவ்வொரு பட்டுநூலுக்கும் எண் போட்டு, சின்னத் துண்டு ஒட்டிய அட்டையை வாடிக்கையாகச் சரக்கு எடுக்கும் பெண்களிடம் இப்போதே கொடுத்து வையுங்கள். போன் கேமராவில் நிறம் மாறித் தெரியும், அதை நம்பி வாங்கினால் மேட்ச் ஆகாது. எண் இருந்தால் வாட்ஸ்அப்பில் "நாற்பத்தேழு ரெண்டு, அறுபத்தொண்ணு ஒண்ணு" என்று அனுப்பிவிட்டு, வந்து வாசலில் பொட்டலத்தை வாங்கிப் போகலாம். அரை மணி நேரம் இரண்டு நிமிடமாகிவிடும். வாசலுக்குக் குறுக்கே போட ஒரு நீள மேசை, பின்னால் இரண்டு ஃபேன், ஒன்று வெளியே காற்றைத் தள்ளும்படி. ஏசி இருந்தால் அந்தக் காலத்துக்கு நிறுத்திவிடுங்கள். கடை ஆட்களில் அறுபது தாண்டியவர், சர்க்கரை இருப்பவர் யார் என்று பார்த்து அவர்களை உள்வேலைக்கோ வீட்டிலிருந்து ஆர்டர் எடுக்கவோ மாற்றுங்கள். உங்கள் அப்பாவும் அந்த வயதில் இருந்தால் முதலில் நகர வேண்டியவர் அவர்தான். இருமலோ காய்ச்சலோ வந்த ஆள் கடைக்கு வரக் கூடாது, அன்றைய கூலி வெட்டக் கூடாது. கூலி வெட்டினால் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருவார்கள், அதைக் காய்ச்சல் முகாமில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

இத்தனையும் செய்தாலும் முதல் சில வாரம் மூடச் சொன்னால் மூடிவிடுங்கள். புதுக் கிருமி எதன் வழியாக வருகிறது, யாரைக் கொல்கிறது என்று தெரியும்வரை கிடைக்கும் அவகாசம் மருத்துவமனைகளுக்கு உயிர்மூச்சு மாதிரி. அதற்கு மேல் நீட்டினால், எங்கள் கடை வாசலோடு விற்கும் கடை, வந்து பாருங்கள் என்று சங்கத்தின் வழியாக எழுதிக் கேட்கலாம். ஆணையை மீறித் திறப்பதை நான் சொல்ல மாட்டேன். 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் வழக்குப் போட இடமுண்டு, அதன் நுணுக்கத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். கடையின் நீள அகலம், வாசல் எந்தப் பக்கம், பின்னால் ஜன்னலோ வென்டிலேட்டரோ உண்டா, மேலே லாஃப்ட் இருக்கிறதா என்று எழுதினால், ஃபேனை எங்கே மாட்டுவது, ஒரு நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.